மூளைக்காயப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகச் சேரலாமா? ஒரு நோயாளி அறைந்த பிறகு வந்த குழப்பம்

திண்டுக்கல் இன்டர்ன்

எல்லோருக்கும் வணக்கம். பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பு) முடித்துவிட்டு இன்டர்ன்ஷிப்பின் கடைசி மாதத்தில் இருக்கிறேன். வயது 23. இரண்டு இடங்களில் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று குழந்தைகள் மையம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், பள்ளியில் எழுதச் சிரமப்படும் பிள்ளைகள் வருவார்கள். மாதம் 22,000 ரூபாய். இன்னொன்று விபத்தில் மூளைக்காயம் பட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம். அங்கே 16,000. என்னோடு படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் குழந்தைகள் பக்கம்தான் போகிறார்கள். அம்மாவும் அதையே சொல்கிறார். எனக்கென்னவோ மனது அந்த 16,000 ரூபாய் வேலையிலேயே நிற்கிறது. ஆனால் பயமும் இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் நியூரோ வார்டில் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். 26 வயது. பைக்கில் போய் விழுந்தவர், ஹெல்மெட் இல்லை. மூளை வீக்கத்துக்காக மண்டையில் வலப்பக்க எலும்பை எடுத்துவைத்திருக்கிறார்கள். கண் திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கட்டிலில் உட்காரவைத்து, சீப்பைக் கையில் கொடுத்துத் தலை வாரச் சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை சொல்லும்போது பளார் என்று ஓர் அறை. கண்ணாடி தெறித்து விழுந்தது. அவருடைய அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அவமானமாகவும் இருந்தது, அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மறுநாள் போனால், "நீங்க யாருங்க, புதுசா வந்திருக்கீங்களா?" என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார். வெளியே வந்து கழிவறையில் நின்று அழுதேன்.

இந்தத் துறையில் இது தினமும் நடப்பதா? அடி ஒரு பக்கம் இருக்கட்டும். இவர்களுக்கு நாம் செய்வதில் ஏதாவது பலன் உண்டா? எங்கள் சீனியர் ஒருவர், "அங்கே போனால் பிசியோதெரபிஸ்டுக்குக் கை பிடித்துவிடுகிற வேலைதான்" என்கிறார். உண்மையிலேயே அந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பாளையங்கோட்டைக்காரி

தங்கச்சி, 17 வருடமாக நான் இந்த வேலைதான் பார்க்கிறேன். முதல் ஆறு வருடம் ஒரு பெரிய மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில். அப்புறம் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன். உன்னை "நீ" என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்த அறை. அது உனக்கு விழுந்தது இல்லை. அந்தத் தம்பி இன்னும் காயத்துக்குப் பிந்தைய மறதி நிலையில் இருக்கிறார். மூளைக்காயம் பட்டவர் எவ்வளவு தெளிந்திருக்கிறார் என்று நிலை நிலையாகப் பார்க்கும் ரேஞ்சோ அளவுகோலைப் பாடத்தில் படித்திருப்பாய், கலிபோர்னியாவில் ரேஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் 1970களில் உருவாக்கியது. அதில் நான்காம் நிலை, குழப்பமும் கொந்தளிப்பும். தான் எங்கே இருக்கிறோம், ஏன் மூக்கில் குழாய், யார் இந்தப் பெண், இவள் ஏன் எதையோ கையில் திணிக்கிறாள், ஒன்றும் புரியாது. நள்ளிரவில் தெரியாத வீட்டில் கண் விழித்து, தெரியாத நாலு பேர் கையைப் பிடித்து இழுத்தால் நாமும் அடிப்போம். நினைத்து அடித்த அடி இல்லை அது.

அடுத்த முறை போகும்போது பத்து நிமிடத்துக்கு மேல் இருக்காதே. டிவியை அணை. கட்டிலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பு. நேர் எதிரே நிற்காதே, பக்கவாட்டில் உட்கார். ஒரு விஷயத்தை ஒரு முறை சொல், அப்புறம் காத்திரு. பத்து நொடி, பதினைந்து நொடி. மூளை இப்போது மெதுவாக ஓடுகிறது. நீ இரண்டாம் முறை சொல்லும்போதுதான் முதல் முறை சொன்னது அவருக்கு உள்ளே போய்ச் சேர்ந்திருக்கும். உன் மூன்று தடவை அவருக்கு மூன்று பேர் கத்துவதுபோல இருந்திருக்கலாம். கோபம் ஏறுவதற்கு முன்னால் உடம்பு காட்டிக்கொடுக்கும். போர்வையை இழுப்பார், காலை உதைத்துக்கொள்வார், பார்வை அலையும். அதைப் பார்த்ததும் நிறுத்திவிடு. இன்னொன்று, வயிறு கட்டியிருக்கிறதா, கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) இழுக்கிறதா, எங்காவது வலியா என்று பார். பேச்சு வராதவரின் வலி பல நேரம் அடியாகத்தான் வெளியே வரும்.

அந்த அம்மாவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பார்க்க வருகிற ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி, "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பாப்போம்?" சித்தப்பா கேட்பார், மாமி கேட்பார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். ஒரு நாளைக்கு முப்பது பரீட்சை, முப்பதிலும் தோல்வி. "நான் உன் அம்மா. நீ ஆஸ்பத்திரியில் இருக்க. பைக்ல விழுந்துட்ட. இன்னைக்கு செவ்வாய்க்கிழமை" என்று சொல்லச் சொல். கேட்கவே வேண்டாம், சொல்ல மட்டும் செய்யட்டும். தினசரிக் காலண்டர் ஒன்றைக் கட்டிலின் கால்மாட்டில் அவர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டு. எட்டணா தேதித்தாள் செய்கிற வேலையை விலை உயர்ந்த எந்தக் கருவியும் செய்து நான் பார்த்ததில்லை. காலையில் அவர் கையாலேயே தாளைக் கிழிக்க வேண்டும்.

அவர் உன்னை மறந்துபோனதற்கு அழுதாய் அல்லவா. வெஸ்ட்மீட் அளவுகோல் என்று ஒன்று உண்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மொத்தம் 12 கேள்வி, தினமும் கேட்பது. வயது, பிறந்த தேதி, மாதம், நேரம், கிழமை, ஆண்டு, இருக்கிற இடம். இவை ஏழு. மீதி ஐந்தில் மூன்று, நேற்றுக் காட்டிய படங்கள். கடைசி இரண்டு என்ன தெரியுமா? கேள்வி கேட்பவரின் முகமும் பெயரும். தொடர்ந்து மூன்று நாள் 12-க்கு 12 வந்தால் அந்த மூன்றில் முதல் நாளோடு மறதி நிலை முடிந்தது என்று எழுதுவோம். ஆக, உன் முகம்தான் அங்கே அளவுகோல். உன்னை அவர் ஞாபகம் வைத்துக்கொள்கிற நாளில் அவர் இந்தக் கரைக்கு வருகிறார். இந்த மறதி நிலை ஒரு நாளைத் தாண்டினாலே கடுமையான காயம் என்று கணக்கு. நான்கு வாரத்தைத் தாண்டினால் மிகமிகக் கடுமை. அதனால் தினமும் எண்ணி எழுதிவை. பின்னால் குடும்பத்துக்கு என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பது பெரிதும் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

இனி உன் சீனியர் சொன்ன "கை பிடித்துவிடுகிற வேலை". எனக்கு அந்த வார்த்தை கேட்டாலே மனசு வலிக்கும். ஆக்குபேஷனல் தெரபியை நாம் ஓ.டி. என்போம், ஆனால் ஓ.டி. என்றால் மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். "ஓ.டி.க்கு அனுப்புங்க" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, மறுபடியும் அறுவை சிகிச்சை என்று நினைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மனைவிகளை நான் பார்த்திருக்கிறேன். விரித்துச் சொன்னால் "வேலை வாங்கித் தருவீங்களா?" என்பார்கள். காலையில் எழுந்தது முதல் படுக்கிற வரை ஒரு மனிதர் என்னென்ன செய்து தன் நாளை நிரப்புகிறாரோ, அது அத்தனையும் நம் வேலை. அதை நான் ஒரு பீடி சுற்றும் அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன்.

ஆலங்குளம் பக்கத்து ஊர். 41 வயது. மகன் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவர், சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கி விழுந்துவிட்டார். மறதி நிலை ஐந்து வாரம் நீடித்தது. வார்டில் சதா எழுந்து ஓடப் பார்ப்பார், பிடித்தால் கடிப்பார். கட்டைகளை அடுக்குவது, பந்தைத் தூக்கிக் கூடையில் போடுவது எல்லாம் வைத்துப் பார்த்தேன். தட்டிவிட்டார். அவர் மகளிடம், "அம்மா வீட்டில் சும்மா இருக்கும்போது என்ன செய்வார்?" என்றேன். "அம்மா சும்மா இருந்ததே இல்லையே அக்கா" என்றாள். மறுநாள் அவருடைய சுளகையே கொண்டுவரச் சொன்னேன். ஊறவைத்த பீடி இலை, கத்தரி, நூல் எல்லாம் அதில் இருந்தன. புகையிலைத் தூளுக்குப் பதிலாகக் காய்ந்த டீத்தூள். மடியில் வைத்த அடுத்த நிமிடம் கை தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றி. தன் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர், நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பீடி சுற்றினார். கையில் படிந்த பழக்கத்தை மூளை வேறு இடத்தில் வைத்திருக்கிறது. பேச்சால் எட்டும் ஞாபகம் அழிந்தாலும் அது பெரும்பாலும் தங்கிவிடும். புத்தகத்தில் படித்ததுதான், ஆனால் அன்றைக்குத்தான் நம்பினேன்.

அதோடு விட்டிருந்தால் அது வெறும் பொழுதுபோக்கு. நான் கட்டுகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு கட்டுக்கு 25 பீடி இருக்க வேண்டும். அவர் கட்டியதில் ஒன்றில் 19, ஒன்றில் 31, இன்னொன்றில் 27. கை சரியாக இருக்கிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற பகுதிதான் உடைந்திருக்கிறது. அதே கோளாறுதான் அவரைக் குழாயடியில் குடம் நிரம்பி வழிந்த பிறகும் நிற்கவைத்தது, சோற்றில் உப்பை மூன்று முறை போடவைத்தது. ஒரு மணி நேரப் பரிசோதனைத் தாள் சொல்லாததை மூன்று பீடிக் கட்டு சொல்லிவிட்டது.

முட்டை வைக்கும் அட்டை 30 குழி இருக்கும். ஒரு வரிசையை வெட்டி எடுத்தால் 25. குழிக்கு ஒன்றாகப் பீடியை நிறுத்திவை, அட்டை நிறைந்ததும் கட்டு. அவ்வளவுதான் நான் செய்தது. எட்டு மாதம் கழித்து அவர் ஒரு நாளைக்கு 400 பீடி சுற்றிக்கொண்டிருந்தார். முன்பு ஆயிரம் சுற்றியவர். ஆயிரத்துக்குத் திரும்ப முடியவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கட்டில் 25 இருந்தது. கம்பெனிக்காரர் திருப்பி அனுப்பவில்லை.

இப்போது எனக்கு நேர்ந்த தவறு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம். 30 வயதுக்காரர், நன்றாகத் தேறினார். நடந்தார், பேசினார், சட்டைப் பொத்தான் போட்டார், கையெழுத்துப் போட்டார். எல்லோருக்கும் சந்தோஷம். வீட்டுக்கு அனுப்பினோம். அவருடைய கவனம் இரண்டு திசையில் ஒரே நேரத்தில் போகாது என்பது எனக்குத் தெரியும். பேசிக்கொண்டே நடந்தால் தடுமாறுவார். ஆனால் பைக்கைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். டாக்டர் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கலாம். இரண்டரை மாதத்தில் தம்பியின் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மறுபடியும் விழுந்தார். அந்தத் தடவை அவர் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து நான் எழுதிக்கொடுக்கிற ஒவ்வொரு வீட்டுத் தாளிலும் முதல் வரி, "வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறது?" பதில் எழுதி வாங்காமல் நான் யாரையும் அனுப்புவதில்லை.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். தலையில் அடிபட்டவர்களுக்கு மோப்பம் போய்விடுவது அடிக்கடி நடக்கும். மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்பிழைகள் எலும்புச் சல்லடை வழியாகப் போகின்றன. மூளை குலுங்கும்போது அந்த இழைகள் அறுந்துவிடும். நோயாளி சொல்ல மாட்டார், "சாப்பாடு ருசியில்லை" என்று மட்டும்தான் சொல்வார், மருமகள் சமையல் மேல் பழி விழும். கண்ணை மூடச் சொல்லிக் காபித்தூள், பெருங்காயம், சோப்பு இவற்றை ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டு. தெரியவில்லை என்றால் சமையலறைக்கு விடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். காஸ் கசிந்தால் தெரியாது, ஊசிப்போன குழம்பு தெரியாது, பால் அடிப்பிடித்தால் தெரியாது.

சம்பளத்தைப் பற்றி என்ன சொல்ல? 6,000 ரூபாய் வித்தியாசம் சின்னது இல்லை. வீட்டில் கடன் இருந்தால் குழந்தைகள் மையத்துக்கே போ, அதுவும் நல்ல வேலைதான். ஆனால் மனது இங்கே நிற்கிறது என்றால் சேருவதற்கு முன் அந்த மையத்தில் சிலவற்றைக் கேள். ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கச் சொல்வார்கள்? எட்டுக்கு மேல் என்றால் நீ யாரையும் பார்க்கப்போவதில்லை, கையெழுத்துத்தான் போடுவாய். பேச்சுப் பயிற்சியாளரும் உளவியலாளரும் இருக்கிறார்களா? வீட்டுக்குப் போய்ப் பார்க்க அனுமதி உண்டா? முக்கியமாக, அங்கே ஓர் அடுப்படி இருக்கிறதா? இல்லாத இடத்தில் நீ ஆப்பு அடித்த பலகையில் பிளாஸ்டிக் கூம்பை அடுக்கவைத்துக்கொண்டு காலத்தை ஓட்டவேண்டியதுதான்.

இரவுப் பணி

நான் நியூரோ ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸ். அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பகலில் நீங்கள் அரை மணி நேரம் பார்க்கிற ஆளை நாங்கள் இரவு முழுக்கப் பார்க்கிறோம். எத்தனை மணிக்குத் தூங்கினார், எப்போது கத்தினார், யார் குரல் கேட்டு அடங்கினார் என்பது எங்களுக்குத் தெரியும். தெரபிஸ்டுகள் யாரும் எங்களிடம் கேட்பதே இல்லை. காலை ஏழரை மணிக்கு டியூட்டி மாறும்போது ஐந்து நிமிடம் வந்து நில்லுங்கள்.

குழாயைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டுகிறோம், அது எங்களுக்கும் பிடித்த காரியம் இல்லை. இரவில் பதினைந்து பேருக்கு இரண்டு பேர் இருப்போம். கட்டுக்குப் பதிலாகத் துணிக் கையுறை மாட்டலாம் என்று ஓர் ஓ.டி. பெண் காட்டிக்கொடுத்தார். உள்ளே ஒரு சுருட்டின துணியைப் பிடித்துக்கொள்ளக் கொடுத்தால் பாதிப் பேர் குழாயை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அதற்கு முன் உங்கள் துறை என்ன செய்கிறது என்றே தெரியாது.

நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் "இன்னுயிர் காப்போம்" திட்டம் வந்த பிறகு முதல் 48 மணி நேரச் செலவைப் பற்றி யோசிக்காமல் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அது பெரிய காரியம். அப்படிப் பிழைத்துப் போகிறவர்களுக்கு அப்புறம் யார் இருக்கிறார்கள் என்பதுதான் டிஸ்சார்ஜ் எழுதும்போதெல்லாம் என் மனதில் ஓடும். நீங்கள் வாருங்கள்.

ஈரோட்டுத் தறிவீடு

நான் தெரபிஸ்ட் இல்லைங்க, அடிபட்டவரின் மனைவி. நீங்கள் எல்லோரும் எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டியவர். நாலு தறியை ஒரே ஆளாகப் பார்ப்பார், எந்தத் தறியில் நூல் அறுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்வார். லாரி மோதி 19 நாள் நினைவில்லாமல் இருந்தார். பிழைத்து வந்தார். கை கால் எல்லாம் நன்றாக வந்துவிட்டது. பார்க்கிறவர்கள் "ஒன்றும் தெரியலையே, சாமி புண்ணியம்" என்பார்கள்.

ஆனால் அவர் திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். குளிக்கச் சொன்னால் "சரி" என்பார், எழ மாட்டார். பசிக்கிறதா என்றால் "ஆமா" என்பார், தட்டை வைத்த இடத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வருடம் முழுக்க நான் அவரைத் திட்டியிருக்கிறேன். சோம்பேறி என்றேன். விபத்தைச் சாக்கு வைத்து என்னை வேலை வாங்குகிறாய் என்றேன். அவர் அம்மா, மந்திரித்த கயிறு கட்டினார். ஊனமுற்றோர் சான்றுக்குப் போனபோது கையைத் தூக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள், எல்லாம் சரியாக இருக்கிறதே என்று அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு தெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்தார். உங்களைப் போலச் சின்ன வயதுதான். என் வீட்டுக்காரரிடம், "அண்ணா, எனக்கு ஒரு டீ போட்டுத் தர்றீங்களா?" என்று கேட்டார். "சரிம்மா" என்று எழுந்து அடுப்படிக்குப் போனார். எங்களை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு நிமிடம். ஆறு நிமிடமும் என் வீட்டுக்காரர் அடுப்பு முன்னால் நின்றார். கையில் ஒன்றும் எடுக்கவில்லை. முகத்தில் வேர்வை. ஓடிப் போகவில்லை, உட்காரவுமில்லை. அந்தப் பெண் உள்ளே போய்ப் பால் பாத்திரத்தை மட்டும் எடுத்து அடுப்பின் மேல் வைத்தார், வாயைத் திறக்கவில்லை. இவர் உடனே லைட்டரை எடுத்தார், பால் காய்ச்சினார், டீத்தூள் போட்டார், இஞ்சி தட்டிப் போட்டார், வடிகட்டி எடுத்துவந்து கொடுத்தார். அதே பழைய டீ.

"அக்கா, இவருக்கு ஓட்டத் தெரியும், ஸ்டார்ட் ஆகத்தான் மாட்டேங்குது. முன்மூளையில் பட்ட அடி. சோம்பல் இல்லை" என்றார். நான் அந்த டீயைக் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வருடமாக நான் திட்டியது எல்லாம் அந்த அடுப்படியில் வந்து நின்றது.

இப்போது ராத்திரியே அவருடைய துண்டையும் சோப்பையும் குளியலறை வாசலில் நாற்காலியில் வைத்துவிடுவேன். போனில் என் குரலையே பதிவு செய்து அலாரம் வைத்திருக்கிறேன். ஆறரைக்கு "எந்திரிங்க, துண்டு நாற்காலியில இருக்கு." எட்டுக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று. துண்டு கண்ணில் பட்டால் போதும், குளித்துவிட்டு வந்துவிடுவார். தறிக்குப் போக முடியவில்லை, நாலு தறிச் சத்தத்தில் தலை வெடிக்கிறது என்கிறார், மத்தியானத்துக்கு மேல் அப்படி ஒரு அசதி. என் அண்ணன் பட்டறையில் தார் சுற்றும் (நெசவுக்கான நூலைச் சுற்றும்) வேலைக்குக் காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் போகிறார். முதல் தார் கோனை அண்ணன் மாட்டிவிட்டால் மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

அவர் பழைய ஆள் இல்லை. முன்பெல்லாம் என்னைச் சிரிக்கவைத்துக்கொண்டே இருப்பார், அது போய்விட்டது. அதற்கு எனக்கு இன்னும் அழுகை வரும். ஆனால் சண்டை போய்விட்டது. அந்தப் பெண் மொத்தம் பதினொரு தடவைதான் வந்தார். தங்கச்சி, பலன் உண்டா என்று கேட்டீர்கள் அல்லவா, அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

பாளையங்கோட்டைக்காரி

ஈரோட்டு அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். திட்டியதற்காக உங்களை நீங்களே வாட்டிக்கொள்ளாதீர்கள். அது உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. தெரிந்த நாங்கள் ஒரு வருடம் வராமல் இருந்ததுதான் தவறு. சான்றுக்கு மறுபடியும் போங்கள். இந்த முறை கை கால் அளவோடு நிற்காமல், நரம்பியல் உளவியல் பரிசோதனை அறிக்கையும், தெரபிஸ்டிடம் "தூண்டல் இல்லாமல் தொடங்க இயலவில்லை" என்று எழுதின கடிதமும் கையோடு கொண்டுபோங்கள். அந்த ஆறு நிமிடத்தை அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்ன தார் சுற்றும் வேலையைப் படித்ததும் எனக்கு ஃபினியஸ் கேஜ் ஞாபகம் வந்துவிட்டார். தங்கச்சிக்கு அவரைத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் வெர்மான்டில் 1848 செப்டம்பரில் வெடிமருந்து வெடித்து, ஆள் உயரத்தில் பாதிக்கும் மேலான ஓர் இரும்புக் கம்பி கன்னத்தின் அடியில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியே வந்தது. ஆள் பிழைத்தார், குணம் மாறிப்போனது என்று பாடம் அங்கேயே முடிந்துவிடும். பாடத்தில் பெரும்பாலும் வராதது இது. 1852-இல் அவர் சிலி நாட்டுக்குப் போய், பல வருடம் குதிரைக் கோச்சு வண்டி ஓட்டினார். விடியுமுன் எழ வேண்டும், குதிரைகளைத் தயார் செய்ய வேண்டும், பயணிகளை ஏற்ற வேண்டும், நெடுந்தூரம் ஓட்ட வேண்டும். தினமும் அதே ஒழுங்கு. அந்த ஒழுங்கே அவரைத் தூக்கி நிறுத்தியிருக்கலாம் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படுகிறது. காலையில் இரண்டு மணி நேரம், அதே பட்டறை, அதே தார், முதல் கோனை மாட்டிவிட ஓர் அண்ணன். அசதி வந்தால் நீட்டிக்க வேண்டாம். மூளை அசதி உடம்பு அசதி மாதிரி இல்லை, இழுத்தால் மறுநாளும் போய்விடும்.

திண்டுக்கல் இன்டர்ன்

அக்கா, எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன்.

மறுநாளே தினசரிக் காலண்டர் வாங்கி அந்த அண்ணனின் கட்டிலுக்கு எதிரே மாட்டினேன். அவருடைய அம்மாவிடம் "தெரியுதா" என்று யாரும் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். அந்த அம்மாவே ஓர் அட்டையில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார்: "கேள்வி கேட்காதீங்க. நீங்க யாருன்னு சொல்லுங்க." இரவு நர்ஸ் சொன்னபடி ஏழரைக்குப் போய் நின்றேன். அந்த அண்ணனுக்கு விடிகாலை நாலு மணிக்கு மேல்தான் தூக்கம் வருகிறதாம். நான் காலை ஒன்பதுக்குப் போய்ச் சீப்பை நீட்டியிருக்கிறேன். நேரத்தைப் பதினொன்றரைக்கு மாற்றினேன். அவர் மொபைல் கடையில் வேலை செய்தவர் என்று தங்கை சொன்னாள். பழைய பட்டன் போன் ஒன்றும் சின்ன ஸ்க்ரூ டிரைவரும் கொண்டுபோனேன். பின்பக்கத்தைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, திரும்ப மாட்டினார். கடைசி ஸ்க்ரூவைப் போட மறந்துவிட்டார், நான் காட்டவில்லை, காத்திருந்தேன். இருபது நொடி இருக்கும். அவரே பார்த்துவிட்டார்.

அவருக்கு வெஸ்ட்மீட் தினமும் கேட்கிறேன். நேற்று 9. இன்று 10. படங்களில் ஒன்று தப்பு, கிழமை தப்பு. என் பெயரைச் சொன்னார். முகத்தையும் மூன்று புகைப்படத்திலிருந்து சரியாகக் காட்டினார்.

அந்த மையத்துக்கும் நேரில் போனேன். ஒரு நாளைக்கு ஆறேழு பேர் என்றார்கள். பேச்சுப் பயிற்சியாளர் இருக்கிறார், உளவியலாளர் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார். அடுப்படி இருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கதவைத் திறந்து காட்டினார். மேடையும் தண்ணீர்க் குழாயும் இருக்கின்றன. உள்ளே பழைய சக்கர நாற்காலிகளும் அட்டைப்பெட்டிகளும் அடுக்கியிருக்கின்றன. நீங்கள் சேர்ந்தால் காலி செய்து தருகிறோம் என்றார். அம்மா இன்னும் முழுமனதாகச் சரி என்று சொல்லவில்லை. ஈரோட்டு அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டு, ராத்திரி சாப்பிடும்போது "எப்போ சேரச் சொல்றாங்க?" என்று கேட்டார். முதல் தேதி சேருகிறேன்.

பாளையங்கோட்டைக்காரி

நல்லது தங்கச்சி. அந்தத் தம்பிக்கு எலும்பைத் திரும்ப வைக்கிற வரைக்கும், கட்டிலை விட்டு இறக்கும்போதெல்லாம் தலைக்கவசம் இருக்கட்டும். நீ போன பிறகு யார் அந்தப் போன் வேலையைத் தொடரப் போகிறார்கள் என்று அவர் தங்கைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வா.

புது இடத்து அடுப்படிக்குக் காஸ் சிலிண்டர் வாங்கச் சொல்லாதே, இண்டக்ஷன் அடுப்பே போதும். மோப்பம் போனவர்களுக்கு அதில்தான் பழக்க வேண்டும். பாத்திரங்களை மட்டும் புதிதாக வாங்காதே. ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டு டீப் பாத்திரத்தைக் கொண்டுவரச் சொல்.